பழியும் பழிச்சுதலும்: தமிழ்ப் பேரகராதியின் இணையப் பதிப்பு பற்றி ஒரு மதிப்புரை

ஓர் அகராதியின் தரத்தை அறிவதற்கு அதன் முன்னுரையைப் படிப்பதைவிட, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதற்குரிய சொற்களையெல்லாம் அதில் தேடிப் பார்ப்பதே நல்ல வழி என்பது என் கருத்து. ஒருவர்மீது குற்றத்தை ஏற்றும் சொற்களும், ஏற்றிய குற்றத்தை இறக்கும் சொற்களும் அத்தகைய தேடலுக்கு மிகவும் ஏற்றவை. புகார்க் கடிதம் எழுதுபவர், விசாரணை அறிக்கை எழுதும் அலுவலர், செய்தியாளர், மொழிபெயர்ப்பாளர், தம்மீது வந்த குற்றச்சாட்டுக்கு விளக்கம் எழுத வேண்டிய ஊழியர் என்று பலருக்கும் இந்தச் சொற்கள் அன்றாடம் தேவைப்படுகின்றன. இவற்றில் ஒன்று சற்றே பிசகினாலும் ஒரு மனிதரின் பெயர் கெட்டுவிடும் என்பதால், இந்த ஒரு சொற்புலத்தை மட்டும் வைத்துக்கொண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை, அதுவும் இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் அதன் இணையப் பதிப்பை, இங்கே மதிப்பிடுகிறேன்.

பேரகராதியின் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன; பிற்சேர்க்கை 1939-இல் நிறைவுற்றது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியராக இருந்து பணியை முடித்துக்கொடுத்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள் தரும் இந்நூல், இனமொழிச் சொற்களையும் இலக்கிய மேற்கோள்களையும் இடம் வாய்த்தபோதெல்லாம் சேர்த்தே தருகிறது. இதனைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தெற்காசிய மின்னகராதித் திட்டத்தின் கீழ் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. தலைச்சொற்களில் மட்டும் தேடலாம். பதிவு முழுவதிலும் தேடலாம். இந்த இரண்டாவது வசதியின் அருமையைப் பலர் அறியாமலே இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் 'பழி' என்ற சொல்லையே பார்ப்போம். நிந்தை, குற்றம், பாவம், பகை என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துச் செல்லும் அதன் பொருள்களைப் பேரகராதி அடுத்தடுத்து வைக்கிறது. படிப்பவர் அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். செய்த தீமையும் பழிதான். அத்தீமையைச் சொல்லி ஊர் தூற்றுவதும் பழிதான். அதற்காக எதிர்த்தரப்பு தீர்த்துக்கொள்ளும் வஞ்சமும் பழிதான். செயல், சொல், பதிலடி ஆகிய மூன்றும் ஒரே பெயரில் அடங்கியிருப்பதால், எந்தப் பழியைச் சொல்கிறோம் என்பதை உடன்வரும் வினைதான் காட்ட வேண்டியிருக்கிறது. 'பழிக்கு அஞ்சினான்' என்றால் ஊராரின் சொல்லுக்கு அஞ்சினான் என்றும், தீவினைக்கு அஞ்சினான் என்றும் கொள்ளலாம். 'பழியை வாங்கிக்கொண்டான்' என்றால் பிறர் செய்த தவற்றுக்கான நிந்தையைத் தான் ஏற்றான் என்று பொருள். 'பழிவாங்கினான்' என்றால் வஞ்சம் தீர்த்தான் என்று பொருள். பெயரும் ஒன்று, வினையும் ஒன்று. வேற்றுமை உருபும் துணைவினையும் சேர்ந்ததால் தியாகியாகத் தோன்றுகிறவன், அவை இல்லாதபோது வஞ்சகனாகிவிடுகிறான். தமிழைப் புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் இடறுவது இயல்பு. பழி என்ற சொல்லின் வரலாறு முழுவதையும் ஒரே பதிவில் விரித்து வைப்பதில் பேரகராதிக்கு நிகரான நூலை நான் காணவில்லை.

அதே பக்கத்தில் இன்னொரு புதையலும் இருக்கிறது. பழி என்ற தலைச்சொல்லுக்குச் சற்றுத் தள்ளி 'பழிச்சு' என்ற வினை வருகிறது. அதன் பொருள் புகழ்தல், வாழ்த்துதல், வழிபடுதல். சங்கப் பாடல்களில் கடவுளையும் தலைவனையும் கைதொழுது போற்றுவதற்கு இந்த வினை ஆளப்படுகிறது. ஓசையில் பழிக்கு அண்டை வீடாகவும் பொருளில் அதற்கு நேர் எதிராகவும் நிற்கும் இச்சொல் இன்றைய வழக்கில் இல்லை. பழந்தமிழ்ப் பகுதி ஒன்றைப் படித்துக்கொண்டிருப்பவர் 'பழிச்சி' என்பதைப் 'பழித்து' என்று கொண்டுவிட்டால், வணக்கம் வசையாகிவிடும். இத்தகைய இடங்களில் பேரகராதி தரும் பாதுகாப்பு மிகப் பெரியது. தற்கால அகராதி எதுவும் அதைத் தர இயலாது, தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

பழைய சொற்களைப் பொறுத்தவரை, நிந்தைக்கும் தமிழ் எத்தனை படிநிலைகளை வைத்திருந்தது என்பதை இந்த அகராதியில் உலவும்போதுதான் உணர முடிகிறது. அம்பல், அலர் என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். காதலர் உறவைப் பற்றி ஊரார் பேசும் பழிமொழியைக் குறிப்பவை இவை. ஆனால் அம்பல் என்பது சொல் வெளிப்படாமல் முகக்குறிப்பாகவும் முணுமுணுப்பாகவும் இருக்கும் நிலை. அலர் என்பது அது வெளிப்படையான பேச்சாக மலர்ந்துவிட்ட நிலை. உரையாசிரியர்கள் இவ்வேறுபாட்டைக் கவனமாக விளக்கியிருக்கிறார்கள். ஒரு குற்றச்சாட்டு இன்னும் சந்தேகமாக உலவுகிறதா, பேச்சாகிவிட்டதா என்பதைப் பிரித்துச் சொல்ல இன்று நாம் 'கிசுகிசு', 'வதந்தி', 'பேச்சு அடிபடுகிறது' என்று பல தொடர்களை நாட வேண்டியிருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலோ வசையை நேரே சொல்வது ஒருவகை, மறைத்துச் சொல்வது மற்றொரு வகை என்று பிரித்து, பின்னதற்குப் 'பழிகரப்பு' என்று பெயரிடுகிறது. யார் என்று சொல்லாமல், ஆனால் யார் என்று எல்லோருக்கும் தெரியும்படி குற்றம் சொல்கிற எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இன்றும் கிடையாது. இச்சொல்லை நாம் வழக்கிலிருந்து விட்டுவிட்டோம் என்பதை எண்ணும்போது உண்மையிலேயே மனம் வருந்துகிறது. வசைக்கு எதிராக இசையை நிறுத்தும் குறளின் புகழ் அதிகாரத்தையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அங்கே இசை என்பது பாட்டன்று, நற்பெயர்.

'தூற்று' என்ற வினையும் அப்படியே. களத்து நெல்லைக் காற்றில் எறிந்து பதரைப் பிரிப்பதும் தூற்றுதல். ஒருவரைப் பற்றி ஊரெங்கும் இழிவாகப் பேசுவதும் தூற்றுதல். முதலாவதில் காற்று பதரை விலக்கி மணியைத் தருகிறது. இரண்டாவதில் பதரை மட்டும் பரப்புகிறது. 'புழுதி வாரித் தூற்றினார்கள்' என்ற தொடரில் இந்த இரண்டாவது பொருளே தலைதூக்கி நிற்கிறது. இந்த இரு பொருளையும் பேரகராதி ஒரே வினையின் கீழ்க் காட்டுவது படிப்பவரின் சிந்தனையைத் தூண்டும் முறை.

குறைகளுக்கு வருவோம். பழிச்சொற்களில் உண்மையான நுட்பம் பெயர்களில் இல்லை, வினைகளில் இருக்கிறது. பழி போடுதல், பழி சுமத்துதல், குற்றம் சாட்டுதல், குறை சொல்லுதல், தலையில் கட்டுதல் ஆகியவற்றை ஒருபொருட் பன்மொழிகளாகக் கருதி மாற்றி மாற்றி எழுதுவோர் பலர். அவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல என்பதற்கு எளிய சான்று உண்டு. 'நான் அவர்மீது குற்றம் சாட்டுகிறேன்' என்று ஒருவர் சொல்லலாம். மேடையிலும் மனுவிலும் சொல்கிறார்கள். 'நான் அவர்மீது பழி போடுகிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஏனெனில் பழி போடுதல் என்ற தொடருக்குள்ளேயே, போடப்படுவது பொய் அல்லது பிறருடையது என்ற தீர்ப்பு அடங்கியிருக்கிறது. அதைப் பிறர் செய்ததாகத்தான் சொல்ல முடியும். குற்றம் சாட்டுதலில் அத்தகைய தீர்ப்பு இல்லை. சாட்டப்பட்டது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். எனவே ஒரு செய்தியறிக்கையில் 'எதிர்க்கட்சியினர் அமைச்சர்மீது குற்றம் சாட்டினர்' என்று எழுதினால் செய்தியாளர் நடுவில் நிற்கிறார்; 'பழி சுமத்தினர்' என்று எழுதினால் அவர் அமைச்சரின் பக்கம் சாய்ந்துவிட்டார். தாம் சாய்ந்திருப்பதை அவரே அறியாமல் இருக்கலாம் என்பதுதான் கவலைக்குரியது.

இந்த வேறுபாட்டைப் பேரகராதியில் தேடினால் கிடைப்பது குறைவு. பெயரையும் வினையையும் தனித்தனித் தலைச்சொற்களாக அகரவரிசையில் வைக்கும் முறையில், 'பழி' ஒரு தொகுதியிலும் 'சுமத்து' வேறொரு தொகுதியிலும் 'சாட்டு' மற்றோரிடத்திலும் கிடக்கின்றன. எந்தப் பெயருக்கு எந்த வினை இயையும், இயைந்தபின் அதன் நிறம் எப்படி மாறும் என்பதைச் சொல்வது அந்தக் காலத்து அகராதிக் கலையின் நோக்கமாக இருக்கவில்லை. இது பழுது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பயன்படுத்துவோர் இந்த எல்லையை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இல் வெளிவந்தபோது நிரப்ப முயன்ற இடைவெளிகளில் இதுவும் ஒன்று. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள் விளக்கும் அதன் முறை, இத்தகைய இயைபுகளைக் கற்பதற்கு மிகவும் உதவுகிறது. தொடர்களுக்கென்றே மொழி அறக்கட்டளை 1997-இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதியும் உண்டு. இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், பேரகராதியை மட்டும் நம்பிப் புகார்க் கடிதமோ மறுப்புக் கடிதமோ எழுதுவது அறிவுடைமையன்று.

பழி கூறும் வினைகளில் சிலவற்றின் குணம் அலாதியானது. 'குறை சொல்லுதல்' சிறியது, ஆனால் ஓயாதது. ஒருமுறை சொன்னதைக் குறை சொன்னார் என்போம், நாள்தோறும் சொல்பவரைக் 'குறை சொல்லிக்கொண்டே இருப்பவர்' என்போம், அதற்கும் மேலே போனால் 'நொட்டை நொள்ளை சொல்பவர்' என்போம். 'சொல்லிக்காட்டுதல்', 'குத்திக்காட்டுதல்' ஆகியவை முடிந்துபோன தவற்றைத் திரும்பவும் எடுத்து வைப்பவை. தவறு உண்மையானதே என்றாலும் அதைச் சொல்லும் முறையையே இச்சொற்கள் கண்டிக்கின்றன. 'இடித்துரைத்தல்' முற்றிலும் வேறு. நன்மை கருதி, நேருக்கு நேர், உரிமையோடு குற்றத்தை எடுத்துரைப்பதை அது குறிக்கிறது. அரசனுக்கு அத்தகைய துணைவர் வேண்டும் என்பது குறளின் கருத்து. இன்றைய மேலாண்மைப் பயிற்சிகளில் 'பின்னூட்டம்' என்று வெளிறிப்போன சொல்லால் குறிக்கப்படுவதன் உயர்ந்த வடிவம் இதுவே என்று நினைக்கிறேன். 'நொந்துகொள்ளுதல்' இன்னும் ஆழமானது. பிறர்மேல் குறை காண்பவருக்கே அங்கே வலிக்கிறது. விதியை நொந்துகொள்கிறோம், நம்மையே நொந்துகொள்கிறோம். நோதல் என்ற வினைக்கு வருந்துதல், குறை கூறுதல் என்னும் இரு பொருளும் இருப்பதை அறிந்தால்தான் 'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்' என்ற பழமொழியின் சுவை முழுமையாகப் புரியும்.

அந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டதால் மற்றவற்றையும் சுருக்கமாகத் தொட்டுவிடுகிறேன். கருவியைக் கடிந்து கர்த்தாவை விட்டுவிடும் தவற்றை அது சுட்டுகிறது. கீழ்நிலை ஊழியர்மீது நடவடிக்கை எடுத்து உத்தரவிட்டவரை விட்டுவிடும் எந்த விசாரணைக்கும் அது பொருந்தும். 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது தன் குறையைச் சூழலின்மேல் ஏற்றுவது. 'காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது' என்பது அடுத்தடுத்து நடந்ததனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது என்பதைச் சொல்வது. காரண காரிய ஆராய்ச்சியில் அடிப்படையான ஒரு பிழையை எழுத்தறியாதவர்களும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று. 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது இந்தச் சொற்புலத்துக்கே தலைப்பாக வைக்கத்தக்கது. செய்தவர் ஒருவர், பேர் கெட்டவர் இன்னொருவர் என்ற கொடுமையை நான்கே சொற்களில் அது அடக்கிவிடுகிறது. பழமொழிகளைத் தேடுவோருக்குப் பேரகராதி ஏற்ற இடமன்று. பழமொழித் தொகுப்புகளையே நாட வேண்டும்.

'கைகழுவுதல்' பற்றி மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. 'இந்தக் குற்றத்தில் எனக்குப் பங்கில்லை' என்று அறிவிக்கும் செயலாகக் கைகழுவுதல் விவிலியத்தில் பிலாத்துவின் வரலாற்றில் வருகிறது. ஆனால் தமிழ்ப் பேச்சு வழக்கில் 'அவனைக் கைகழுவிவிட்டார்கள்' என்றால் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள், நட்டாற்றில் விட்டார்கள் என்றே பொருள். முன்னது குற்றமின்மையை நாட்டும் முயற்சி. பின்னது பொறுப்பைத் துறக்கும் செயல். இரண்டும் ஒன்றென்று கொண்டு எழுதினால், தன்னைக் குற்றமற்றவர் என்று சொல்லவந்தவர் துரோகியாகிவிடுவார்.

இனி எதிர்ச்சொற்களைக் காண்போம். பேரகராதி எதிர்ச்சொற்களை முறையாகத் தருவதில்லை. இந்தச் சோதனையில் நான் மிகுதியாகத் தடுமாறிய இடமும், மிகுதியாகக் கற்ற இடமும் இதுவே. பழித்தலுக்கு எதிர் எது? புகழ்தல் என்பது ஒரு விடை; குற்றத்திலிருந்து விடுவித்தல் மற்றொரு விடை; குற்றத்தைப் பொறுத்தல் மூன்றாவது; பழியைத் தானே ஏற்றுக்கொள்ளுதல் நான்காவது. இவற்றுள் முதலாவதற்குத் தமிழில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன: புகழ், மெச்சு, பாராட்டு, போற்று, ஏத்து, பரவு, வியந்தோது. இரண்டாவதற்கு வரும்போது கையிருப்பு திடீரென்று குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது.

குற்றமற்றவர் என்று அறிவிப்பதற்கு நாம் பயன்படுத்தும் 'நிரபராதி' வடமொழியிலிருந்து வந்தது. 'அபராதம்' என்பதற்குக் குற்றம் என்பதே பழைய பொருள். குற்றத்துக்கான தண்டத்தொகை என்பது பின்னர் ஏற்பட்ட பொருள். இன்று தனியே 'அபராதம்' என்றால் கட்டவேண்டிய பணம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. 'நிரபராதி' என்ற சொல்லில் மட்டும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. பேரகராதி இரு பொருளையும் தருவதால் இந்த வரலாறு கண்முன் தெளிவாக விரிகிறது. நீதிமன்றத் தமிழில் 'விடுதலை' என்ற சொல்லும் உண்டு. வழக்கில் குற்றம் மெய்ப்பிக்கப்படாமல் விடுவிக்கப்படுவதும் விடுதலை. தண்டனைக் காலம் முடிந்து சிறையிலிருந்து வெளிவருவதும் விடுதலை. எனவே 'அவர் விடுதலையானார்' என்ற தலைப்பை மட்டும் படிக்கும் ஒருவருக்கு, அவர் குற்றமற்றவரா, தண்டனை அனுபவித்தவரா என்பது தெரியாது. பல ஆண்டுகள் வழக்கு நடத்தித் தன் பெயரை மீட்டுக்கொண்ட ஒருவருக்கு இந்தச் சொல் செய்யும் அநீதி சிறியதன்று. 'குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகி' என்று மூன்று சொல் கூடுதலாக எழுதினால் அந்த அநீதி நீங்கும். செய்தி எழுதுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இதே நீதிமன்றத் தமிழில், குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்று குறிக்கும் வழக்கமும் நிலைத்திருக்கிறது. 'முதல் எதிரி', 'இரண்டாம் எதிரி' என்று தீர்ப்புரைகளில் படிக்கும்போது, இன்னும் குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைப் பகைவராகக் காட்டும் நிழல் அந்தச் சொல்மீது படிவதைத் தவிர்க்க முடிவதில்லை. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற நீண்ட தொடரே நேர்மையானது. அதைச் சுருக்குகிறேன் என்று 'குற்றவாளி' என்று எழுதுவது தீர்ப்புக்கு முன்பே தீர்ப்பளிப்பதாகும்.

பேச்சுவழக்கில் ஒருவரைப் பழியிலிருந்து காக்கும் தொடர்களைத் தேடினால் அங்கும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 'வக்காலத்து வாங்குதல்', 'சப்பைக்கட்டுக் கட்டுதல்', 'பூசி மெழுகுதல்' ஆகிய எல்லாமே காப்பவரைச் சந்தேகிக்கும் தொடர்கள். வழக்கறிஞருக்கு அதிகாரம் வழங்கும் ஆவணத்தின் பெயரான வக்காலத்து, பேச்சுக்கு வந்ததும் 'உனக்கேன் இந்த அக்கறை' என்ற தொனியை ஏற்றுக்கொண்டுவிட்டது. 'அவனுக்காக நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' என்ற கேள்வியில், குற்றமற்றவனுக்காகப் பேசுவதும் ஐயத்துக்குரியதாகிறது. 'பரிந்து பேசுதல்' மட்டும் அன்பின் வெதுவெதுப்பைத் தக்கவைத்திருக்கிறது. பரிவு என்ற பெயர் அதோடு ஒட்டியிருப்பதே காரணமாக இருக்கலாம். ஈழத்துப் பேச்சில் 'சாட்டு' என்றால் சாக்குப்போக்கு. 'சாட்டுச் சொல்லாதே' என்பார்கள். குற்றத்தைச் சாட்டுவதற்கும் குற்றத்திலிருந்து நழுவுவதற்கும் ஒரே ஓசையுடைய சொல் நிற்பதைக் காண்கிறோம்.

மூன்றாவது, நான்காவது விடைகளில்தான் தமிழின் செல்வம் இருக்கிறது. பேரகராதி தன் முழுத் திறனையும் காட்டுவதும் இங்கேதான். 'பொறு' என்ற வினையைத் திறந்து பாருங்கள். சுமத்தல், தாங்குதல், பொறுமையாயிருத்தல், மன்னித்தல் என்று அதன் பொருள்கள் விரிகின்றன. 'பொறுப்பு' என்ற பெயர் இந்த வினையிலிருந்தே பிறக்கிறது. அதாவது பழியைச் சுமத்துவது, பொறுப்பை ஏற்பது, பிழையைப் பொறுப்பது ஆகிய மூன்றையும் தமிழ் பாரத்தின் மொழியிலேயே பேசுகிறது. பழி சுமத்துபவர் தன் தோளிலிருந்து இறக்கிப் பிறர் தோளில் ஏற்றுகிறார்; பொறுப்பேற்பவர் தானே தோள் கொடுக்கிறார்; பிழை பொறுப்பவர், தனக்குத் தீங்கு செய்தவர் சுமக்க வேண்டியதைத் தான் சுமக்கிறார். மன்னிப்பை இப்படிச் சுமையாக உணர்ந்த மொழியில், 'பொறுத்துக்கொள்' என்று கேட்பது எளிய வேண்டுகோள் அன்று. குற்றத்தின் எடையை நீ ஏற்றுக்கொள் என்று, பாதிக்கப்பட்டவரிடமே கேட்பது அது. இந்த உறவை எந்தக் கட்டுரையும் படிக்காமல், அகராதியின் பதிவுகளைப் புரட்டியே ஒருவர் கண்டுகொள்ளலாம் என்பதற்காகவே இந்நூலை நான் போற்றுகிறேன்.

பயன்படுத்தும் முறை பற்றிச் சில சொற்கள். வினைகளைப் பேரகராதி பகுதியோடு தொழிற்பெயர் ஈற்றையும் சேர்த்து, எண்ணிட்ட வகைகளாகக் காட்டுகிறது. மொத்தம் பதின்மூன்று வகை. 'பழி-த்தல்' என்ற வடிவத்தைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பழித்தேன், பழிப்பேன் என்று விகாரப்படுவது எப்படி என்பதை அந்த எண் சொல்லிவிடும். சுருக்கக் குறியீடுகள் முதலில் தொல்லை தரும், 'பிங்.', 'திவா.', 'சூடா.' என்பவை பிங்கலம், திவாகரம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் என்று தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும்.

பதிவு முழுவதிலும் தேடும் வசதியைப் பற்றிச் சொல்வதாகக் கூறியிருந்தேன். தலைச்சொல்லைத் தேடுபவருக்கு ஏற்கெனவே சொல் தெரிந்திருக்க வேண்டும். கருத்து மட்டும் தெரிந்து சொல் தெரியாதவர் என்ன செய்வது? பழைய நிகண்டுகள் பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்ததால் அவருக்கு வழி இருந்தது. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியிலும் பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள் வைத்து, அகரவரிசையைக் கொண்டுவந்தபோதே பொருள்வழித் தேடலையும் கைவிடாமல் காத்தார். அதன்பின் வந்த பேரகராதிகளில் அகரவரிசை ஒன்றே நிலைத்தது. இணையப் பதிப்பின் முழுப்பதிவுத் தேடல் அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. 'நிந்தை', 'பழிமொழி', 'பழிச்சொல்' போன்ற தமிழ் விளக்கச் சொற்களையே தேடுசொல்லாக இட்டால், அகரவரிசையில் ஒன்றுக்கொன்று எட்டாத் தொலைவில் கிடக்கும் சொற்கள் ஒரே பட்டியலில் வந்து சேர்கின்றன. அச்சுப் பதிப்பின் தொகுதிகளை மேசைமேல் பரப்பிவைத்தாலும் இது இயலாது. எதிர்ச்சொற்களுக்கும் இதே முறை உதவும்: 'மன்னித்தல்', 'குற்றமின்மை', 'புகழ்தல்' என்று விளக்கங்களில் தேட வேண்டும். கிடைப்பவற்றில் பல வழக்கொழிந்தவை என்பதால் தற்கால அகராதியோடு ஒப்பிட்ட பிறகே எழுத்தில் ஆள வேண்டும். பொருள்வாரியான முழுத்தொகுப்பே வேண்டுமென்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நிகண்டுகள் படிக்கக் கிடைக்கின்றன.

மொத்தத்தில், பழைய நூல்களைப் படிப்பவர், சொல்லாராய்ச்சி செய்பவர், சொல்லின் எடையை அறிந்து எழுத விரும்பும் எழுத்தாளர் ஆகியோருக்குப் பேரகராதியின் இணையப் பதிப்பை எந்தத் தயக்கமும் இன்றிப் பரிந்துரைக்கிறேன். நாளைக்கே ஒரு குற்றச்சாட்டுக்கு விளக்கம் எழுதவேண்டிய நிலையில் இருப்பவர் க்ரியா அகராதியை முதலில் திறக்கட்டும். எழுதி முடித்த பிறகு, தாம் ஆண்ட பெயர்ச்சொற்களைப் பேரகராதியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளட்டும். பேரகராதியைத் திருத்தி விரிவாக்கும் பணியில் ஈடுபடுவோரிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. பழி, குற்றம், குறை, களங்கம், பொறுப்பு ஆகிய பெயர்களின் பதிவுகளிலேனும், அவை ஏற்கும் வினைகளை வரிசையாகக் கொடுத்து, எது பொய்யைக் குறிக்கும், எது நடுநிலையானது, எது எழுத்துக்குரியது, எது பேச்சுக்குரியது என்று ஒரு வரியேனும் சேர்க்க வேண்டும். களங்கத்தைத் துடைக்கலாம், கறையைக் கழுவலாம், பழியை நீக்கலாம், குற்றத்தைப் பொறுக்கலாம். இவற்றின் வினைகளை இடம் மாற்றினால் தமிழ் ஏற்கும் இடம் எது, மறுக்கும் இடம் எது என்பதை இன்றுவரை ஒரே இடத்தில் காண முடியவில்லை.